இடைவிலகல் என்னும் சொல்

இடையிற் படிப்பு நின்ற மாணவரை ஆங்கிலத்தில் ‘ட்ரொப் அவுட்’ என்பர். நழுவி விழுந்தவர் என்பது அதன் தொனி. நமது கல்வித்துறை அதனை ‘இடைவிலகியோர்’ எனத் தமிழாக்கிற்று. இவ்வாக்கம் மூலத்தினுங் கடுமையானது. விழுதல் தற்செயலாகவும் நிகழும். விலகுதலோ விலகுவோரின் செயல். சொல்லாக்குவோர் வினைமுதலை நோக்குவதில்லை போலும்.

2008-2009 காலத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளே மக்களோடு பெயர்ந்தன. பின்னர் செட்டிகுளம் முகாம்களிற் கொட்டகைகள் வகுப்பறைகளாயின. அங்கே எவர் எதினின்று விலகினர்? கட்டிடத்தை இழந்து அலைந்த பள்ளிக்கு ‘இடம்பெயர்ந்த பாடசாலை’ எனப் பெயர் கண்ட தமிழுக்கு, படிப்புப் பறிபோன பிள்ளைக்கும் ஒரு சொல் காண்பது அரிதன்று. ‘கல்வி இழந்தோர்’ எனப் பதிவேட்டில் எழுதினால், இழக்கச் செய்தது யாது என்னும் வினாவேனும் எழும்.