வாயிற் சோதனையும் கூலித் திறவுகோலும்

ஒரு கருவியின் தரத்தை ஆராய்வோர், அது தன் தொழிலை எத்துணை விரைவிற் செய்கின்றது என்பதோடு அமைதல் சாலாது. யாருடைய இசைவோடு செய்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். இணையத்தளங்களின் வாயிலில் நிற்கும் 'கப்சா' எனுஞ் சோதனையை நிரலாளருக்காக விடுவித்துக் கொடுக்கும் கூலிச் சேவைகள் இம்முறையில் ஆராயத்தக்கன.

1950 ஆம் ஆண்டில் அலன் ரூறிங் வகுத்த சோதனையில் நடுவனாய் இருந்தவன் மனிதன். கப்சாவிலோ நடுவன் பொறி. தன்னை மனிதனென நிறுவவேண்டியவன் மனிதன். 2003 ஆம் ஆண்டில் லூயிஸ் வொன் ஆன், மனுவேல் பிளம் முதலியோர் இதன் இலக்கணத்தை வரையறுத்தனர். மனிதர்க்கு எளிதாதலும் பொறிக்கு அரிதாதலும் அவ்விலக்கணத்தின் உயிர்நிலை.

அவ்விலக்கணம் இன்று சிதைந்துவிட்டது. திரிந்த எழுத்துக்களைத் தன் பொறியே நூற்றுக்கு 99.8 வீதஞ் சரியாக வாசித்ததெனக் கூகிள் நிறுவனம் 2014 இல் அறிவித்தது. 2024 இல் சூரிச் நகரத்து ஆய்வாளர், அந்நிறுவனத்தின் படப்புதிர்கள் முழுவதையும் பொறியால் விடுவித்துக் காட்டினர். பொறியைத் தடுக்கவியலாத அவ்வாயில் பார்வையற்றோரைத் தடுக்கின்றது; இக்குறையை உலகளாவிய வலைச் சங்கம் 2005 இலேயே எடுத்துரைத்தது.

இனிச் சேவைகளை நோக்குவோம். நிரலாளர் புதிரின் விவரத்தை அனுப்புவர். சேவை விடையை அல்லது அனுமதிக் குறியை மீட்டளிக்கும். கூகிளின் குறி இரண்டு நிமிடத்திற் காலாவதியாவதால், காலந்தாழ்ந்த விடை பயனற்றது. ஆதலின் விரைவு, செம்மை, விலை என்னும் மூன்றுமே உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின் 'தானியங்கி' என்ற பெயரை அப்படியே நம்புதலும் கூடாது. ஆயிரம் புதிர்களை ஒரு டொலர் அளவிற்கு விடுவிக்கும் மனிதக் கூலியாட்களை 2010 இல் வெளிவந்த கலிபோர்ணிய ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மனிதனை அறியவந்த சோதனையை மனிதனின் வறுமையே வென்றது எனலாம்.

இச்சேவை யாருக்குத் தேவை? தம் தளத்தைத் தாமே பரீட்சிப்போர்க்கு அன்று. அவர்க்கெனச் சோதனைத் திறவுகோல்களைக் கூகிளே வழங்குகின்றது. பிறர் தளத்துத் தரவை வேண்டுவோர் உரியவரிடம் இசைவு பெறலாம். பார்வையற்றோர்க்கு இஃது உதவுமே எனின், அவ்வுதவி மெய்யே. ஆயினும் வாயிலின் குறையை வாயிலுக்குரியோன் திருத்தவேண்டுமேயன்றி, நுழைவோர் கூலி கொடுத்து ஈடுசெய்தல் நீதியாகாது. எஞ்சுவோருள் பொய்க் கணக்குகளைக் குவிப்போரும் நுழைவுச்சீட்டுக்களை வாரிக்கொள்வோரும் உளர். சீட்டு விற்பனைத் தளங்களின் தடையை இவ்வாறு கடத்தலை ஐக்கிய அமெரிக்கா 2016 இற் சட்டத்தால் விலக்கியது.

பூட்டு நொய்தாதல் பூட்டியவன் குற்றம். அதுபற்றித் திறப்பவனுக்கு உரிமை பிறவாது. விரைவும் செம்மையும் விலைமலிவும் ஒருங்கு அமைந்த சேவையாயினும், இசைவு என்னும் ஒன்று இல்லையேல், அது திறமையான கருவியாகலாம், நல்ல கருவியாகாது.