முற்றும் என்று சொல்லாத திரை

உண்டிக்கு அளவு வேண்டும். உழைப்புக்கு ஓய்வு வேண்டும். கதைக்கு முடிவு வேண்டும். அளவறிந்து நிற்பதே அறிவு. ஆனால் இன்று இல்லந்தோறும் கொலுவீற்றிருக்கும் திரைக்கு நிற்கத் தெரியவில்லை. அதை நிறுத்த நமக்கும் தெரியவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தோமா?

1955-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் கம்பியில்லாத ரிமோட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் பெட்டியின் ஒலி அடங்கும். எதைச் சொல்லி அதை விற்றார்கள்? தொல்லை தரும் விளம்பரங்களின் வாயை அடைக்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள்! 'போதும்' என்று சொல்லும் உரிமையைப் பார்ப்பவர் கையில் கொடுத்த கருவி அது. எழுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. கருவி கையிலே இருக்கிறது. உரிமை எங்கே போயிற்று?

நம் தொலைக்காட்சித் தொடரைப் பாருங்கள். மாமியார் மருமகளை நோக்கிக் கை ஓங்குகிறார். அறை விழுகிறது. ஒருமுறையா? மும்முறை! இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. இடி முழங்குகிறது, மின்னல் வெட்டுகிறது. வானத்தில் அல்ல, வரவேற்பறையில்! சுற்றி நிற்கும் எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராக விழி பிதுங்க நிற்கிறார்கள். அதற்குள் அரைமணி முடிந்தது. கதையோ, நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது!

தொடர்கள் அனைத்தும் தாழ்ந்தவை என்று தள்ளுவது நேர்மையன்று. 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்', ஒரு பெண் தொழில் நடத்தித் தன் காலில் நிற்பதைக் காட்டியது. கரு பாராட்டத்தக்கது. ஆனால் அதன் பகுதிகளோ 1,533! விளம்பரமும் சேர்த்து அரைமணி வீதம் கணக்கிட்டால் 766 மணி நேரம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓராண்டுக்கு விதித்த கற்பித்தல் நேரம் 800 மணி. ஒரு குழந்தை எழுத்தும் எண்ணும் கற்கும் ஓராண்டுக் காலத்தை ஒரே கதை ஏறத்தாழ விழுங்கிவிட்டது. ஆறாண்டுகளில் சிறுகச் சிறுக விழுங்கியதால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்!

கதை ஏன் நீள்கிறது? எழுதுவோரின் கற்பனை வளத்தாலா? இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் விளம்பரத்துக்கு இடமளிக்கின்றன. அந்த நிமிடங்களே வாணிபம். கதை வெறும் தூண்டில். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது தூண்டிலைச் சுருட்டும் வாணிகன் உண்டோ?

"அந்தப் பெட்டி பெரியவர்களுக்கு. நாங்கள் இணையத்தில் விரும்பியதை, விரும்பியபோது பார்க்கிறோம்" என்பர் இளைஞர். நன்று. ஆனால் விரும்புவது யார்? ஒரு பகுதி முடிகிறது. எழுந்துகொள்ளலாமா என்று எண்ணுமுன்னே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள அடி காணாத கிணறாகக் காட்சிகள் ஊறுகின்றன. அந்த முடிவில்லாப் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நெட்பிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸோ, தம் போட்டியாளர் மக்களின் உறக்கமே என்று 2017-இல் கூறினார். முதல் பாடவேளையிலேயே கண் செருகும் மாணவரைக் காணும் ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டியில் வென்றவர் யாரென்று தெரியும்!

பணம் கொடுத்தால் விடுதலை கிடைக்குமா? அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூனில், சந்தா செலுத்திய இந்திய மக்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாமா? மேலும் பணம் கட்டுக! வாயிலுக்கு ஒரு கட்டணம். உள்ளே அமைதிக்கு மற்றொரு கட்டணம்.

"என்ன செய்வது, காலம் அப்படி!" என்று பெருமூச்சு விடுவோரை நோக்கிக் கேட்கிறோம்: காலமா இதைச் செய்தது? தானாக ஓடும் திரை இயற்கையின் நியதியா? மனிதர் கூடி, எண்ணி, இலாபக் கணக்குப் போட்டு அமைத்த பொறி அது. மனிதர் அமைத்ததை மனிதர் மாற்றலாம். சான்று வேண்டுமா? பட்டியலில் கண் வைத்தவுடனே முன்னோட்டங்கள் தாமாக அலறும் தொல்லையைப் பார்ப்பவர்கள் நெடுநாள் கண்டித்தார்கள். 2020 பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ் பணிந்தது. அதை நிறுத்தும் வசதியைத் தந்தது. எரிச்சலை வீட்டுக்குள் முணுமுணுத்தால் அது பெருமூச்சு. வெளியில் ஒருமித்துச் சொன்னால் அது கோரிக்கை!

ஆகவே, இளைஞர்களே! கலையை வெறுக்கச் சொல்லவில்லை. நல்ல படத்தைப் பாருங்கள். பார்த்தபின் பேசுங்கள், வாதிடுங்கள். தானாக ஓடும் அமைப்பை இன்றே அணைத்துவிடுங்கள்; வீட்டுப் பெரியவர்களுக்கும் அணைத்துக் கொடுங்கள். எதைப் பார்ப்பது என்பதைத் திரையைத் திறக்குமுன் முடிவு செய்யுங்கள். எதையும் ஏன் என்று கேட்கக் கற்றவர்கள் நாம். அடுத்த பகுதி தொடங்கும் அந்த ஐந்து நொடியிலும் அதே கேள்வியைக் கேட்போம். 'முற்றும்' என்று திரை சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்!