தரப்படுத்தும் குழுவில் தமிழுக்கு ஓர் இருக்கை

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலின் பெயரையோ கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜ பெருமாள் கோயிலின் பெயரையோ கணினியில் தட்டெழுதினால், முதலில் வரும் ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகப் பதிவாகலாம். ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்பது ஒரு வரிசை. ஸகரத்தின் இடத்தில் ஶகரம் வைப்பது இன்னொரு வரிசை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது, மென்பொருள் எழுதியவர் அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்திருந்தாலன்றி. உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் தரும் யூனிகோடு தரத்தில் ஶகரம் 4.1 பதிப்பில், 2005இல்தான் சேர்ந்தது. அதன் பிறகே இரண்டாவது வரிசை முறையானது என்றானது. அதற்குள் முதல் வரிசையில் எழுதப்பட்டவை எங்கும் பரவிவிட்டன. இதை ஒரு பொறியாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. கணினி மொழியானாலும் எழுத்துக் குறியேற்றமானாலும், குழு கூடித் தரம் வகுக்கும் முறையிலேயே இந்தச் சிக்கலுக்கு வேர் இருக்கிறது. ஒருமுறை வகுத்ததை மாற்றாதிருப்பது அந்த முறையின் பெரும்பலம். அதன் பெருங்குறையும் அதுவே. ஆகவே முடிவு உறுதியாகும் முன்பு அந்த மொழியை அன்றாடம் புழங்குவோர் அவையில் இருந்தார்களா என்பதை வைத்துத்தான் ஒரு குழுவை எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

தமிழ் விஷயத்தில் அவர்கள் போதிய அளவில் இருக்கவில்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. தேவநாகரிக்குப் பொருந்திய சட்டகத்துக்குள் தமிழும் அமர்த்தப்பட்டது. தமிழ் இலக்கணத்தில் ‘க்’ அடிப்படை எழுத்து, ‘க’ உயிர்மெய். யூனிகோடில் ‘க’ அடிப்படை, ‘க்’ இரண்டு குறிகளின் சேர்க்கை. எழுத்துகளின் வைப்பு முறையும் நம்முடையதன்று: நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், ளகரத்தை அடுத்து ழகரம், அதன் பின்புதான் வகரம். குறியெண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் ‘மரம்’ என்பதற்கு முன்பு ‘மனம்’ வரும், ‘அவன்’ என்பதற்கு முன்பு ‘அறம்’ வரும். எந்தத் தமிழ் அகராதியும் அப்படி அடுக்குவதில்லை.

இவ்வளவு குறை இருந்தும் அந்தத் தரம் தமிழுக்குச் செய்த நன்மை மிகப் பெரிது. அது நிலைபெறும் முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றம். அனுப்பியவரின் எழுத்துரு கையில் இல்லாதவருக்கு மடல் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் போன்ற முயற்சிகள் தனித்தனியே வளர்ந்தன. அவற்றை இணைக்கத்தான் மாநாடுகள் கூடின. 1997இல் சிங்கப்பூர், 1999இல் சென்னை, 2001இல் கோலாலம்பூர். சென்னை மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தாமே பேசி வகுத்த டிஸ்கி இன்னொரு பக்கம் வழக்கில் இருந்தது. பழைய இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் அவற்றை அதில் வெளியிட்டது. இந்தக் குறியேற்றங்களுள் எதுவும் நிலைக்கவில்லை. விண்டோஸ் 2000 தொடங்கி இயங்குதளங்கள் ஏற்றுக்கொண்ட யூனிகோடே நிலைத்தது. கிள்ளானில் எழுதிய செய்தியை யாழ்ப்பாணத்திலும் கோவையிலும் எந்த எழுத்துருவும் தேடாமல் இன்று படிக்க முடிகிறது. குழுவின் மாறாத உறுதி இல்லாமல் இது கைகூடியிருக்காது.

ஆனால் அந்த உறுதிக்கு முன்பு புழக்கத்தின் சோதனை வேண்டும் என்பதைக் கணினி மொழிகளின் வரலாறு சொல்கிறது. சி மொழி பத்தாண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்த பிறகு, 1983இல்தான் அமெரிக்கத் தரக்குழு கூடியது. பெரும்பாலும் வழக்கில் இருந்ததையே ஒழுங்குபடுத்தி 1989இல் தரமாக்கியது. அது இன்றும் தாங்குகிறது. சி++ குழுவோ 1998ஆம் ஆண்டுத் தரத்தில் ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதியை யாரும் முழுமையாகச் செய்துபார்க்கும் முன்பே சேர்த்தது. மிகச் சில நிரல்பெயர்ப்பிகளே அதை நிறைவேற்றின. 2011ஆம் ஆண்டுத் தரத்தில் அது நீக்கப்பட்டது. இப்போது ஜாவாஸ்கிரிப்ட் குழு, இரண்டு இடங்களில் செயல்படுத்திக் காட்டாத வசதியைத் தரத்தில் சேர்ப்பதில்லை. கணினி மொழியில் தவறை நீக்கவாவது வழியுண்டு. எழுத்துக் குறியேற்றத்தில் அதுவும் இல்லை. கொடுத்த குறியெண்ணை யூனிகோடு இடம் மாற்றாது, திரும்பப் பெறாது. மாற்றினால் எழுதி வைத்த ஆவணங்கள் அனைத்தும் பொருளிழக்கும். ஆகவே இங்கு முன்னெச்சரிக்கை இரு மடங்கு வேண்டும்.

வரிசை முறையின் குறையை மென்பொருளே சரிசெய்துவிடுகிறதே என்பார்கள். உண்மைதான், அகரவரிசைக்கெனத் தனி விதிகள் இருக்கின்றன. ஆனால் அந்த விதிகளை அழைக்கத் தெரிந்த நிரலாளர் எழுதிய செயலியில்தான் அவை வேலை செய்யும். தமிழ் அறியாத ஒருவர் எழுதும் பெயர்ப்பட்டியல் தவறாகவே அடுக்கப்படும். அப்படியானால் எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் புதிய குறியேற்றமே தீர்வு என்று இன்னொரு சாரார் வாதிடுவர். அப்படி வகுத்த டேஸ்16 குறியேற்றத்தையும் 2010இல் தமிழக அரசு ஏற்றது. அதன் இலக்கணப் பொருத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகமே ஒரு தரத்தில் எழுதத் தொடங்கிய பின்பு வந்ததால் அது பொதுப் புழக்கத்துக்கு வரவில்லை. மொழிக்குழுவில் வல்லுநர் போதும், பொதுமக்கள் வந்தால் வேலை இழுபடும் என்பது மூன்றாவது வாதம். அதற்கு 2010ஆம் ஆண்டின் கிரந்த விவகாரமே மறுப்பு. எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றைக் கிரந்தத் தொகுதிக்குள்ளும் சேர்க்க முன்மொழிவு வந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது, அரசும் தலையிட்டது. 2014இல் கிரந்தம் யூனிகோடில் சேர்ந்தபோது அவை அதில் இல்லை. எதிர்த்தவர்களின் வாதங்களில் சில உணர்ச்சிவசப்பட்டவையே. என்றாலும் முடிவு உறுதியாகும் முன்பு எழுந்த குரல் பலன் தந்தது.

மலேசியத் தமிழருக்கு இதில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. யூனிகோடு குழுவில் வாக்குரிமை கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கே என்றாலும், முன்மொழிவும் கருத்தும் எவரும் அனுப்பலாம். முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் இடம்பெற்றது ஆர்வலர்கள் எழுதிய முன்மொழிவுகளால்தான். மாதப் பெயர், தேதி முறை, அகரவரிசை ஆகியவற்றைத் தொகுக்கும் யூனிகோடின் வட்டாரத் தரவகத்தில் மலேசியத் தமிழுக்கென்று தனிப் பதிவு இருக்கிறது. அது அவ்வப்போது திருத்தப்படுவது. அங்கே கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், நாளிதழ்களின் ஆசிரியர் குழுக்களும் அந்தப் பதிவை வரிவரியாகப் படித்து, அடுத்த பதிப்பு உறுதியாகும் முன்பு தங்கள் திருத்தங்களை எழுதி அனுப்ப வேண்டும்.