வானிலிருந்து நோக்கும் கண்: கடல்நிரப்பு நிலமும் ஒளிப்படமும்

தெஹிவளைக் கரையில் நின்று வடக்கே நோக்கும் ஒருவருக்குக் கொழும்புத் துறைமுக நகரம் தனியானதொரு நிலமாகத் தென்படுவதில்லை. கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடங்களுக்கு அடியில் அது கரைந்துவிடுகின்றது. காலிமுகத்திடலை அடுத்துக் கடலை நிரப்பி ஆக்கப்பட்ட அந்த 269 ஹெக்டேயர் பரப்பு, தன் முழு உருவத்தையும் காட்டுவது வானொளிப்படங்களிலேயே. எனவே அந்நிலம் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள அறிவு, பெருமளவிற்கு அப்படங்கள் வழங்கிய அறிவே எனலாம். அவ்வறிவின் இயல்பு ஆராயத்தக்கது.

1858இல் நாடார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் பலூனில் ஏறிப் படமெடுத்த காலந்தொட்டு இக்கலை இருவழிப்பட்டது. நேர்கீழாக நோக்கும் படம் நிலஅளவையாளருக்கும் படைத்துறையினருக்கும் பயன்பட்டது. சாய்வாக நோக்கும் படம் அஞ்சலட்டைக்கும் விளம்பரத்துக்கும் உரியதாயிற்று. துறைமுக நகரத்தின் படங்களுட் பெரும்பாலானவை இரண்டாம் வகையின. முன்னே நீலக்கடல், நடுவே வெண்மணல், பின்னே கோபுரங்கள். மனிதர் இல்லை, அவ்வுயரத்தில் இருத்தலும் இயலாது.

டுபாயில் 2001இல் தொடங்கப்பெற்ற பனைவடிவத் தீவு இப்பார்வையின் உச்சநிலையாகும். அதன் ஓலையொன்றில் குடியிருப்பவர் தாம் ஒரு பனையில் வாழ்வதைத் தெருவில் நின்று காணமுடியாது. அந்நகரின் 'உலகம்' தீவுக்கூட்டத்தை அந்திரேயாஸ் குர்ஸ்கி படமாக்கியபோது, நிலத்துண்டுகள் கருங்கடலிற் சிந்திய மைத்துளிகள் போலாயின. அழகிய படங்களே. ஆயினும், நிலத்தை விற்க முனைந்தோர் விரும்பிய அழகும் அதுவே என்பதை அவை கேள்விக்குட்படுத்தவில்லை.

வானொளிப்படத்தின் அடிப்படைக் குறைபாடு, அது பரப்பைக் காட்டிக் கனவளவை மறைப்பதாகும். 2014 செப்டெம்பரில் தொடங்கி, 2015இல் இடைநிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடர்ந்து, 2019 ஜனவரியில் முடிவுற்ற இந்நிரப்பலுக்கு ஏறத்தாழ 65 மில்லியன் கன மீற்றர் மணல் செலவாயிற்று என்பர். அதனை 269 ஹெக்டேயரில் சமமாகப் பரப்பினால் 24 மீற்றர் உயரும். ஏழெட்டு மாடிகளின் உயரம். படத்திலோ அது ஒரு தாளின் தடிப்பும் அற்றது. அம்மணல் வந்த இடம் கடலடி. நீர்கொழும்புப் பகுதி மீனவர் மணல் அகழ்வை எதிர்த்துப் போராடியது, மீன்கள் பெருகும் அத்தரை குறித்தேயாம். அங்கு ஏற்பட்ட குழி எந்த ஒளிப்படச் சட்டகத்துள்ளும் அடங்கவில்லை. 'நிலமீட்பு' என்னும் சொல்லும் இவ்வகையதே: கடல் எவரிடமிருந்து எதனைக் கவர்ந்தது, அதை மீட்பதற்கு?

எனினும் உயரத்தையே குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. தென்சீனக் கடலின் பவளத்திட்டுகள் 2014, 2015 ஆண்டுகளில் ஓடுபாதை கொண்ட தீவுகளாக மாறியதை உலகம் அறிந்தது, நாள் குறித்து வரிசைப்படுத்தப்பட்ட செய்மதிப் படங்களாலேயே. தனிப்படம் பெருமை பேசியது. படவரிசை சாட்சி கூறியது.

தெஹிவளைக்குத் தெற்கே, கல்கிசைக் கரையில் 2020இல் கடல்மணல் இறைத்துக் கொட்டப்பட்டு, அவ்வாண்டிலேயே அலைகளால் அரிக்கப்பட்டபோது எழுந்த வாதத்திலும் இவ்வேறுபாடு முக்கியமானது. மணல் வீணாயிற்று என்றனர் ஒருசாரார். கடலடியிற் பரவிக் கரையைக் காக்கின்றது என்றனர் மறுசாரார். ஒருநாட் படம் இருதரப்புக்கும் உதவும். பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும், ஒரே உயரத்திலிருந்து எடுத்த படங்களும், அவற்றோடு கடலடி ஆழத்தின் அளவீடுகளுமே அவ்வழக்கைத் தீர்க்கவல்லன. தோணியை இழுத்தேற்ற எத்தனை அடி மணல் எஞ்சியுள்ளது என்பதைக் கரைவாழ் மீனவர் சொல்வதும் அவற்றுடன் சேரவேண்டும்.