வரியை யார் முறிப்பது?

2014 பிப்ரவரியில் ஐபோன்களுக்கு ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. மேலே இருந்த ‘இஃப்’ நிபந்தனைக்குப் பிரேஸ் போடாததால் முதல் வரி மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எப்போதும் ஓடியது. சர்வரின் கையொப்பத்தைச் சோதிக்காமலேயே ‘எல்லாம் சரி’ என்று பதில் போனது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி நின்றதால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டுமே நிபந்தனைக்குள் இருப்பதாகத்தான் பட்டது. ஃபார்மேட்டர் ஒன்றை ஓட்டியிருந்தால் இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து தனியாகத் தெரிந்திருக்கும்.

தானியங்கி ஃபார்மேட்டர்களை நான் ஆதரிப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, டேப்பா ஸ்பேஸா, பிரேஸ் அதே வரியிலா அடுத்த வரியிலா என்று கோட் ரிவியூவில் வீணாகும் நேரம். 2009இல் வெளியான ‘கோ’ மொழி, ‘கோஃபம்ட்’ என்ற கருவியைக் கையோடு கொண்டுவந்தது. பாணியை மாற்றிக்கொள்ள அதில் வழியே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2017இல் ‘பிரெட்டியர்’, பைத்தானுக்கு 2018இல் ‘பிளாக்’ வந்தன. இவற்றை ஏற்ற குழுக்களில் ரிவியூ பேச்சு தர்க்கத்தின் பக்கம் திரும்பியது. அது பெரிய லாபம்.

ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே அளவு யோசித்துச் செய்யப்பட்டவை அல்ல. பைத்தானில் நான்குக்கு நான்கு அணி ஒன்றை, வரிசைக்கு ஒரு வரியாக, எண்கள் நேருக்கு நேர் நிற்கும்படி எழுதுங்கள். கடைசிக் காற்புள்ளி இல்லாமல், மொத்தமும் 88 எழுத்துக்குள் அடங்கினால், பிளாக் அதை ஒரே வரியாக்கிவிடும். மூலைவிட்டத்தில் எந்த எண் தவறு என்று ஒரு பார்வையில் பிடிக்க முடிந்தது போய், விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். அந்த அடுக்கில் பொருள் இருந்தது. கருவி அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டது. கோஃபம்ட் வரியை எங்கே முறிப்பது என்பதைப் பெரும்பாலும் எழுதியவரிடமே விடுகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு: ஸ்ட்ரக்ட்டில் நீளமான பெயர் ஒன்றைச் சேர்த்தால், பத்தி ஒழுங்குக்காகப் பக்கத்து வரிகளும் மாறி, ரிவியூ செய்பவரைக் குழப்பும்.

என்னை அதிகம் உறுத்துவது உள்தள்ளல்தான். பிளாக் எப்போதும் நான்கு ஸ்பேஸ் வைக்கும். பிரெய்ல் டிஸ்ப்ளேக்களில் பலவற்றுக்கு ஒரு வரியில் நாற்பது கட்டங்களே உண்டு. மூன்று அடுக்கு உள்ளே போனால் பன்னிரண்டு கட்டம் வெறுமையாகப் போய்விடும். டேப் என்றால் அடுக்குக்கு ஒரு கட்டம் போதும். பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரும் டேப்பின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸைக் குறைக்க முடியாது. 2001இல் எழுதப்பட்ட பைத்தானின் பாணி வழிகாட்டியே ஸ்பேஸைத்தான் பரிந்துரைக்கிறது, ஆகவே பிளாக் மரபை மீறவில்லை. இருந்தாலும் இங்கே கேட்கப்படுவது ரசனைக்கான இடம் அல்ல, படிக்க முடிவதற்கான வழி. பிரேஸ் எந்த வரியில் என்ற சண்டையோடு இதையும் சேர்த்து மூடிவிட்டது அநியாயம்.

பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால், ‘கிட் பிளேம்’ எல்லா வரிக்கும் ஃபார்மேட்டரை ஓட்டியவர் பெயரையே காட்டும் என்ற குற்றச்சாட்டும் உண்டு. 2019இல் வந்த கிட் 2.23இலிருந்து அப்படிப்பட்ட கமிட்டுகளைப் பட்டியலிட்டு ஒதுக்கிவைக்க முடிகிறது. வடிவ மாற்றத்தைத் தனிக் கமிட்டாக வைத்தால் போதும்.

புதிய பைத்தான் வேலை என்றால் முதல் நாளே ஃபார்மேட்டரைப் போட்டுவிடச் சொல்வேன். அது பிளாக்காகவே இருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய பிளாக்கின் பாணியையே பின்பற்றும் ‘ரஃப்’ ஃபார்மேட்டர் 2023இல் வந்தது. உள்தள்ளலுக்கு டேப் வேண்டுமென்றால் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.