ஆடு மேயும் படமும் ஆடு மேய்க்கும் பையனும்

டென்மார்க் ஓவியர் லுண்ட்பியின் (1818–1848) எட்சிங் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு, ஆடு, கொஞ்சம் புல். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுத்த கோடுகள். பார்த்ததும் ஞாபகத்துக்கு வந்தது திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுதான். இத்தனைக்கும் நம்ம மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி மயிரே கிடையாது, உடம்பை ஒட்டின செம்பழுப்பு முடிதான். ஒத்துப்போனது மயிர் இல்லை, நிற்கிற நிலை. குறிப்பேட்டில் ‘அமைதி’ என்று எழுதினேன். அப்புறம் அந்த வார்த்தையே உறுத்த ஆரம்பித்தது.

டென்மார்க்கில் அந்த அமைதிக்கு ஒரு வேலை இருந்தது. சொந்த மண்ணைப் பார்த்து வரையுங்கள் என்று ஹோயன் என்ற கலை விமர்சகர் வலியுறுத்திய காலம் அது. மேய்கிற மாடு தேசத்தின் படமாக ஆனது. லுண்ட்பி 1848 போருக்குத் தானாகவே போனார். தவறுதலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தார். வயது 29.

நம்ம பக்கம் இதே காட்சியை எழுத்தில் செய்தவர் பெருமாள்முருகன். ‘கூளமாதாரி’யில் (2000) ஆடு மேய்கிறது, வெயில் ஏறுகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பக்கம் பக்கமாக இதுதான். நாவல் இழுக்கிறது என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்த நீளம் இல்லாவிட்டால் ஒரு மேய்ச்சல் பகல் எவ்வளவு பெரியது என்று வாசகனுக்குத் தெரியாது. அதோடு, கூளையன் அந்த ஆடுகளைத் தனித்தனியாக அறிவான். ஒன்றுகூட அவனுடையது இல்லை. அவன் கவுண்டர் பண்ணையத்தில் கட்டுப்பட்டுக் கிடக்கிற சக்கிலியப் பையன். ஆட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற கண் ரசிகனுடையது இல்லை, கணக்குச் சொல்ல வேண்டியவனுடையது. லுண்ட்பியின் தகட்டில் மேய்ப்பவன் வந்தாலும் காட்சிக்கு அளவு காட்டத்தான் வருவான். இங்கே அவன் கண் வழியாகத்தான் ஆடே தெரிகிறது. யதார்த்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) வேறு மாதிரி. ‘மாதொருபாகன்’ பிரச்சினையில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்தவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு எழுதிய நாவல். மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், மாட்டையும் பன்றியையும் தொட முடியாது, மிச்சம் ஆடுதான் என்று முன்னுரையில் கிண்டலாகச் சொல்கிறார். கிண்டல்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. மேய்கிற ஆடு இங்கே ஒளிந்துகொள்ள ஓர் இடம். ஆட்டுக்குக் காது குத்திப் பதிவு செய்கிற அரசாங்கம் வருகிற பகுதிகள் எனக்குக் கொஞ்சம் வெளிப்படையாகப் பட்டன. கிழவி அந்தக் கறுப்புக் குட்டியைப் பிழைக்கவைக்கப் பாடுபடுகிற ஆரம்பப் பக்கங்களில் எந்தக் குறியீடும் துருத்தவில்லை, பலம் அங்கேதான்.

இரண்டையும் படிக்காதவர்கள் கூளமாதாரியில் தொடங்குங்கள். பூனாச்சியை முதலில் எடுத்தால் அது வெறும் உருவகக் கதையாகத் தெரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது.