பேக்கப் எடுத்தாச்சு, சரி. திரும்ப ஏத்திப் பார்த்தாச்சா?

போடிநாயக்கனூரில் 2007 வரை ஏலக்காய்க்கு வாயால் கேட்கிற ஏலம்தான். என்ன விலைக்குப் போச்சுன்னு அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் நோட்டு தொலைஞ்சா இன்னொருத்தரைக் கேட்கலாம். பிறகு மின்னணு ஏலம் வந்தது. 2021-இல் நறுமணப் பொருள் வாரியம் போடியையும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியையும் கிளவுடில் இணைத்தது.

வாரியத்துக்கு ஆள் பலம் உண்டு. கம்பம் திராட்சைக்கும் சின்னமனூர் வாழைக்கும் கணக்கு எழுதுற கமிஷன் கடைக்காரர், மாச வாடகைக்கு ஒரு சர்வர் பிடிச்சு மைஎஸ்க்யூஎல்லில் கணக்கை ஏத்திட்டா? இன்னொரு நோட்டு எங்கேயும் கிடையாது.

அவரை மாதிரி ஆட்கள் நம்புகிற செய்முறைப் பாடங்கள் மீதுதான் என் விமர்சனம். டேட்டாபேஸ் நிறுவ இருபது படி சொல்வார்கள். பேக்கப்புக்கு ஒரே வரி: மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ஜிசிப்புக்கு அனுப்பு, கிரானில் போடு, முடிஞ்சது.

அந்த ஒரு வரியில் மூணு ஓட்டை. முதலாவது, கோப்பு அதே சர்வரில் கிடக்கும். டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. இரண்டாவது, டம்ப் தோற்றாலும் ஜிசிப் தன் வேலையை ஒழுங்கா முடிக்கும். 20 பைட் காலிக் கோப்பு தினமும் சேரும், பிழைன்னு யாரும் சொல்ல மாட்டார்கள். பாஷ் ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கினால் இது பிடிபடும். மூணாவது, கோப்பைத் திரும்ப ஏத்திப் பார்க்கிற படியே பாடத்தில் இல்லை.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் வருகிற வினை இல்லை. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்தார். பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. பதிப்பு பொருந்தாமல் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்னாடி வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

பாடம் எழுதுறவங்க இன்னும் நாலு வரி சேர்த்தால் போதும். கோப்பை வேறு இடத்துக்கு அனுப்புங்க. அதன் அளவைப் பாருங்க. கடைசி வரியில் டம்ப் முடிந்த குறிப்பு இருக்கான்னு பாருங்க. மாசம் ஒரு தடவை காலி டேட்டாபேஸில் ஏத்தி, நேத்து போட்ட ஒரு பில்லைத் தேடி எடுங்க. பில் கிடைத்தால்தான் அது பேக்கப்.